கூட்டத்துக்கு ஓர் அனுமதி, மதுவுக்கு ஓர் உரிமம்: இரண்டையும் ஒரே தாளில் கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலர் அவர்களுக்கும், மாவட்ட ஆட்சியர்கள், காவல் கண்காணிப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

மதுரை, திண்டுக்கல் பக்கத்து ஊர்களில் மைக்செட், லைட், மேடை போட்டுக் கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். கோயில் திருவிழா, பாட்டுக் கச்சேரி, கட்சிக் கூட்டம், கல்லூரி விழா எதுவானாலும் மேடைக்கு எதிரே மிக்சர் வைத்திருக்கும் மேசையில் நான் உட்கார்ந்திருப்பேன். கூட்டம் எங்கே நெருக்குகிறது, எங்கே தள்ளுமுள்ளு தொடங்குகிறது, யார் தள்ளாடுகிறார் என்பதெல்லாம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். அதை வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

திறந்தவெளி நிகழ்ச்சிகளில் மதுவையும் கூட்டப் பாதுகாப்பையும் அரசு தனித்தனியாகப் பார்க்கிறது. கூட்டத்துக்குக் காவல்துறை அனுமதி தருகிறது. மதுவுக்கு ஆயத்தீர்வைத் துறை உரிமம் தருகிறது. இரண்டும் தலைமைச் செயலகத்தில் ஒரே துறையின் கீழ் இருக்கின்றன. ஆனால் மைதானத்தில் இரண்டும் சந்திப்பதே இல்லை.

எங்கள் பக்கத்து ஆடல் பாடல் நிகழ்ச்சிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் அனுமதி கிடைக்காவிட்டால் விழாக்கமிட்டி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதி தரும். ஆபாசம் கூடாது, சாதி அடையாளம் கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று வரும். பங்கேற்பவர்கள் மது, போதைப்பொருள் உட்கொண்டிருக்கக் கூடாது என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். நல்ல வரி. ஆனால் அதைச் சோதிப்பது யார்? மைதானத்துக்கு வரும் நான்கைந்து காவலர்களா? மஞ்சள் சட்டை போட்ட கமிட்டிப் பையன்களா? நானறிந்த வரை எந்த வாசலிலும் அந்த வரியை யாரும் அமல்படுத்திப் பார்த்ததில்லை.

காகிதத்தில் மது இல்லாத கூட்டம், தரையில் எப்படி இருக்கும் தெரியுமா? மாலை ஆறு மணிக்கே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் லேசான பழுப்பு நிறத்தில் வரத் தொடங்கும். குவார்ட்டரை வெளியிலேயே ஊற்றிக் கலந்துகொண்டு வருவார்கள். கலக்காதவர்கள் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் ஒதுங்குவார்கள், இருட்டும் சத்தமும் அங்கேதான் அதிகம் என்பதால். அங்கே டீசல் கேன் இருக்கும், திறந்த கேபிள் இணைப்பு இருக்கும். அந்த இடத்தில் பீடி பற்ற வைக்கிற கையை எத்தனையோ முறை பிடித்து இழுத்திருக்கிறேன். விடிந்தால் மைதானமெங்கும் கண்ணாடிச் சில்லு. மறுநாள் காலையில் அதே தரையில் பால்குடம் எடுத்து வருகிற பெண்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டத்தை நீலகிரியில் 2022இல் தொடங்கினீர்கள், யானைகளின் காலைக் கண்ணாடி கிழிக்கிறது என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம். திருவிழாத் திடலில் நடக்கிற மனிதக் கால்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நேரத்தைப் பாருங்கள். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும். இது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. டாஸ்மாக் கடையும் இரவு 10 மணிக்குத்தான் அடைக்கிறது. கடைசி நேரத்தில் அவசரமாகக் குடித்தவரும், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிற தாயும், பைக்கில் மூன்று பேராக வருகிற பையன்களும் ஒரே குறுகிய சாலையில் ஒரே நிமிடத்தில் இறங்குகிறார்கள். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை பாட்டு ஓடும்போது நடக்கவில்லை, பாட்டு நின்ற பிறகு நடந்தன. கடைக்கும் பள்ளிக்கும், கடைக்கும் கோயிலுக்கும் இத்தனை மீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரே ஓர் இரவு பத்தாயிரம் பேர் கூடுகிற பொட்டலுக்கு எந்த இடைவெளிக் கணக்கும் இல்லை.

செய்ய முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே நீங்கள் செய்து காட்டிய காரியம்தான். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டைப் பாருங்கள். 2017இல் விதிகள் வந்தன. ஆட்சியரின் அனுமதி இல்லாமல் வாடிவாசல் திறக்காது. பார்வையாளர் மாடத்தைப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் வந்து பார்க்கிறார். இரண்டடுக்குத் தடுப்பு கட்ட வேண்டும். மருத்துவர் பரிசோதித்த பிறகே வீரர் களத்துக்குள் போகலாம், குடித்திருந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தை முன்கூட்டியே குறித்துவிடுகிறார்கள். அந்த நாட்களில் சுற்றுவட்டார டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லி ஆட்சியர் உத்தரவு போட்டதும் உண்டு. பரம்பரையாக நடக்கிற, ஊரே உணர்ச்சிவசப்படுகிற ஒரு விழாவில் இவ்வளவையும் கொண்டுவர முடிந்திருக்கிறது. மக்களும் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் மற்ற விழாக்களில் மட்டும் ஏன் முடியாது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023இல், 1981ஆம் ஆண்டு மது உரிம விதிகளைத் திருத்தி, நிகழ்ச்சிகளில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. திருமண மண்டபத்தையும் அதில் சேர்த்திருந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. மண்டபத்தை நீக்கிவிட்டு, விளையாட்டுப் போட்டிகளுக்கும் பன்னாட்டு நிகழ்ச்சிகளுக்கும் என்று சுருக்கினீர்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த நாட்களில் நடந்த விவாதமெல்லாம் கல்யாண வீட்டில் மது வரலாமா என்பதைச் சுற்றியே நின்றுவிட்டது. எனக்கு வேறு கவலை. விளையாட்டு மைதானத்தில் மது பரிமாறலாம் என்றால், வெளியேறும் வழி எத்தனை அடி அகலம், குடிநீர் எங்கே, முதலுதவி எங்கே என்பது அதே உரிமத்தில் இருக்க வேண்டாமா? கட்டணம் கட்டிய ரசீதைக் காட்டுவது போல, வழியைக் காட்டும் வரைபடத்தையும் காட்டினால்தான் உரிமம் என்று ஏன் வைக்கக் கூடாது?

விபத்துக்குப் பிறகு விதி வந்த அனுபவம் நமக்கு உண்டு. 2007 டிசம்பர் 31 இரவு சென்னையில் ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தின் மேல் போட்ட மேடை சரிந்து உயிர்கள் போயின. இப்போது புத்தாண்டு வந்தால், குளத்தை மூடு, குளத்தருகே மேடை போடாதே என்று காவல்துறை ஹோட்டல்களுக்கு நிபந்தனை போடுகிறது. குடித்தவரும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பது அங்கே புரிந்திருக்கிறது. அதே ஞானம் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்கும், திறந்த கிணற்றுக்கும் பொருந்தும். கிராமத் திடல்களில் பாதி, கண்மாய்க் கரையை ஒட்டித்தான் இருக்கின்றன.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாசித் திருவிழாவில் ஸ்பீக்கர் பாக்ஸ் ஓரமாக ஒருவர் சரிந்து கிடந்தார். ஐம்பது வயது இருக்கும், வேட்டி அவிழ்ந்திருந்தது. “சரக்கு ஓவர், விடுங்கண்ணே, தெளிஞ்சா எந்திரிச்சுப் போயிருவாரு” என்றார்கள் சுற்றி நின்றவர்கள். கேபிள் மிதிபடுகிறதே என்று அவரை நகர்த்தப் போனேன். உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்திருந்தது. வாயில் மது வாடையே இல்லை. சர்க்கரை நோயாளி, விரதம் இருந்து காவடி எடுத்தவர் என்பது அவருடைய மகள் தேடி வந்த பிறகுதான் தெரிந்தது. 108 வண்டி சாலையில் வந்து நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்த பைக்குகளைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. நான்கு பேர் பெஞ்சில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டார். குடிப்பவர்கள் நிறைந்த கூட்டத்தில் குடிக்காதவருக்கும் ஆபத்து என்பதை அன்று கண்ணால் கண்டேன். விழுந்து கிடப்பவர் எல்லோரும் குடிகாரர் என்று கண் பழகிவிடுகிறது. குடித்தே விழுந்திருந்தாலும், மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தால் மூச்சடைத்துச் செத்துப்போவார், ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. மைக்கில் அரை நிமிடம் சொல்லலாம். சொல்ல வேண்டும் என்று நீங்கள் நிபந்தனை போட்டால் நான் சொல்கிறேன், எந்தக் கமிட்டியும் என்னைத் தடுக்காது.

2024 அக்டோபர் 6 அன்று மெரினா விமானக் காட்சியில் வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதான வாசல்களில் 11 பேர். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேர். இவற்றை மதுவோடு முடிச்சுப் போட நான் இங்கே சொல்லவில்லை. தெளிவாக நிற்கிற கூட்டத்துக்கே தண்ணீரும் வழியும் இல்லாவிட்டால் இந்தக் கதி. ஒரு சதுர மீட்டருக்கு ஐந்தாறு பேர் என்று நெருக்கம் ஏறிவிட்டால் ஆள் தன் விருப்பத்துக்கு அசைய முடியாது, கூட்டம்தான் அவரை நகர்த்தும். அதில் கால் நிதானம் இல்லாத பத்துப் பேர் இருந்தால், முதலில் சரிகிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் மேல் மற்றவர்கள் விழுவார்கள்.

ஆகவே ஆயிரம் பேருக்கு மேல் கூடுகிற எந்தத் திறந்தவெளி நிகழ்ச்சிக்கும், மது உரிமம் உண்டோ இல்லையோ, ஒரே விண்ணப்பம், ஒரே ஆணை போதும். வருவாய், காவல், பொதுப்பணி, தீயணைப்பு, சுகாதாரம், ஆயத்தீர்வை ஆகிய துறைகளிலிருந்து ஆளுக்கொருவர் முந்தின நாளே திடலுக்கு வந்து சேர்ந்து பார்க்கட்டும். ஆம்புலன்ஸ் பாதையில் பைக் நிறுத்தக் கூடாது என்பதைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டட்டும். பக்கத்து டாஸ்மாக் கடை நிகழ்ச்சி நாளில் மாலையிலேயே அடைக்கட்டும், நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் கடைசிப் பேருந்து ஒன்று நிற்கட்டும். உரிமத்தோடு மது பரிமாறும் இடம் என்றால் கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது. குடிநீர் இலவசமாக, மதுவை விடப் பக்கத்தில் கிடைக்க வேண்டும். 21 வயது நிரம்பியதா என்பதை அடையாள அட்டையோடு வாசலிலேயே பார்த்துக் கையில் பட்டை கட்ட வேண்டும், நிகழ்ச்சி முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ஊற்றுவதை நிறுத்த வேண்டும். 2022இல் சென்னைத் திருமங்கலத்தில் ஓர் இசை விருந்தில் இளைஞர் ஒருவர் இறந்த பிறகுதான், அங்கே முறையான உரிமம் இல்லாமல் மது பரிமாறியது வெளியே தெரிந்தது. முந்தின நாளே ஒருவர் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

ஆணையில் பொறுப்பாளர் பெயர் ஒன்று வேண்டும். கமிட்டி என்று பொதுவாக எழுதினால், சண்டை வந்ததும் கமிட்டி காணாமல் போய்விடும். மேடையை, மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள். கூட்டம் கட்டுக்கடங்காமல் போகிறது என்று எனக்குத் தெரிந்தாலும், பாட்டை நிறுத்தும் உரிமை இன்று எனக்கு இல்லை. நிறுத்தினால் என் பாக்ஸ் உடைகிறது, சம்பளம் போகிறது. எழுத்தில் இருந்தால் நிறுத்துவேன், என்னைப் போன்ற எல்லா சவுண்ட் சர்வீஸ்காரர்களும் நிறுத்துவார்கள். நிறுத்தினாலும் விளக்கை அணைக்க மாட்டோம். இருட்டில் கூட்டம் மிரளும் என்பது எங்களுக்குத் தெரியும்.

சின்ன ஊர்க் கமிட்டிகளுக்கு இது சுமையாகுமே என்று கேட்பீர்கள். ஆகும். அதனால் கட்டணம் வைக்காதீர்கள், ஒற்றைச் சாளரமாக வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள், பத்து நாளில் பதில் சொல்லுங்கள். இழுத்தடித்தால் எல்லோரும் மறுபடி நீதிமன்றத்துக்கோ, அனுமதியே இல்லாமல் நடத்தவோ போய்விடுவார்கள்.

பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு எங்களுக்கு ஆர்டர் வருவது தை மாதத்திலிருந்து. அதற்குள் ஒரு சுற்றறிக்கையாவது மாவட்டங்களுக்குப் போகட்டும். அதை எழுதும்போது மேடை போடுகிறவர்கள், மைக்செட்காரர்கள், 108 ஓட்டுநர்கள் ஆகியோரில் சிலரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன், எங்கள் பக்கத்துத் திடல்களின் வழிகளை வரைந்து எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் ஒலி, ஒளி அமைப்பாளர்