குளவிக்கூடும் ஆதியாகமமும்

பாளையங்கோட்டை
18.08.2024

அன்புள்ள தேவா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பதில் எழுதச் சுணங்கியதற்குக் கண்புரை அறுவைதான் காரணம். வலக்கண்ணில் லென்ஸ் வைத்திருக்கிறார்கள். சில வாரங்களுக்குக் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், உன் கடிதத்தையே என் மனைவி வாசிக்கத்தான் கேட்டேன். முழங்கால் வலி குறைந்து, இப்போது படியேறி ஆராதனைக்குப் போக முடிகிறது என்று நீ எழுதியிருந்த இடத்தில் அவள் சற்று நிறுத்தி "நல்லவேளை" என்றாள். வாலிபர் கூடுகையில் அந்தக் கல்லூரி மாணவன் எழுந்து கேட்ட கேள்வி வந்ததும், "இது உங்களுக்கு உள்ளது" என்று கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

டார்வின் சொன்ன பரிணாமம் உண்மையென்றால் படைப்பைச் சொல்லும் ஆதியாகமம் பொய்யா என்று அவன் கேட்டதாகவும், அது வெறும் கொள்கைதானே தம்பி என்று சொல்லி நீ அவனை உட்கார வைத்ததாகவும், அன்றிரவு முழுவதும் அந்தப் பதில் உன்னையே உறுத்திக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருக்கிறாய். உறுத்தியது நல்லது. விலங்கியல் படித்துவிட்டு இறையியல் கல்லூரிக்குப் போன உனக்கு அந்தப் பதில் செல்லாது என்று தெரியும். கிருமியால் நோய் வருகிறது என்பதும் அந்த அர்த்தத்தில் ஒரு கொள்கைதான். அதை நம்பித்தான் உன் முழங்காலில் ஊசி போடுமுன் பஞ்சால் துடைத்தார்கள்.

அந்தப் பையனிடம் சொல்வதற்கு ஒரே ஒரு சான்று போதும் என்றால் நான் நெல்லிக்காயைச் சொல்வேன். ஆட்டுக்கும் நாய்க்கும் நெல்லிக்காய் தேவையில்லை. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சியைத் தம் உடலிலேயே செய்துகொள்கின்றன. நம்மால் முடியாது. அதைச் செய்து முடிக்கும் கடைசி நொதிக்கான மரபணு நம்மிடம் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. பழுதடைந்து, பயனற்ற நிலையில் இன்றும் கிடக்கிறது. சிம்பன்சியிடமும் கொரில்லாவிடமும் குரங்குகளிடமும் அது அப்படியேதான் கிடக்கிறது. கினிப்பன்றியிடமும் அது பழுதுதான், ஆனால் வேறு விதமான பழுது. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். பெயர்த்து எழுதும்போது ஒருவர் விட்ட பிழை, அவருடைய ஏட்டைப் பார்த்து எழுதியவர்கள் எல்லோரிடமும் தொடர்ந்து வரும். எந்த ஏடு எதன் வழியில் வந்தது என்பதைச் சரியான பாடங்களைவிட அந்தப் பிழைகள்தாம் தெளிவாகக் காட்டும். நம் உடலில் இருப்பது, நமக்கும் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து அப்படி வழிவந்த பிழை. இதைக் 'கொள்கைதானே' என்று தள்ளிவிட முடியாது, தேவா.

நீ தவறு செய்தாய் என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கத்துத் தவறை மறைப்பது முறையாகாது. சைவக் குடும்பத்தில் பிறந்த நான், வேலைக்குச் சேர்ந்த புதிதில், பரிணாமப் பாடத்தைத் தொடங்குமுன் கரும்பலகையில் சிவபுராணத்தின் 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' வரிகளை எழுதி, மாணிக்கவாசகர் அன்றே சொல்லிவிட்டார் என்று பெருமையடிப்பது வழக்கம். ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, "அடுத்துப் பேயாய்க் கணங்களாய் என்று வருகிறதே, பேய் எந்தத் தொகுதியில் வரும் சார்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பினேன். ஆனால் அன்று மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது அவன் கேட்டதுதான் சரி என்று தோன்றியது. அந்தப் பாட்டு ஓர் உயிர் பிறவிகள்தோறும் அலைந்து இளைத்த களைப்பைப் பாடுகிறது. ஓர் இனம் பல தலைமுறைகளில் இன்னோர் இனமாக மாறுவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அழுதுகொண்டு பாடியவருடைய வாக்கை எடுத்து விலங்கியல் குறிப்பாக்கியது அவருக்கும் நான் செய்த அவமதிப்பு, பாடத்துக்கும் நான் செய்த அவமதிப்பு. தசாவதாரத்தில் மீன், ஆமை, பன்றி என்று வரிசை பொருந்துகிறதே என்பவர்களும் உண்டு. பரசுராமருக்கும் இராமருக்கும் இடையே என்ன பரிணாமம் நடந்தது என்று அவர்கள் சொல்வதில்லை. 'எங்கள் நூலில் இது முன்பே இருக்கிறது' என்பது, 'எங்கள் நூலுக்கு இது விரோதம்' என்பதைவிட மரியாதையாகத் தெரியும். இரண்டும் மறைநூலை ஒரே வேலைக்குத்தான் இழுக்கின்றன. உங்கள் திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஆதியாகமத்துக்கு உரை எழுதும்போது, வானத்தையும் விலங்குகளையும் பற்றி விசுவாசிகள் அறியாமல் பேசி, அறிந்தவர்களின் சிரிப்புக்கு வேதத்தை ஆளாக்கக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார் என்பது உனக்குத் தெரிந்ததே.

பரிணாமமும் விசுவாசமும் ஒத்துப்போக முடியுமா என்ற கேள்விக்கு வழக்கமாகப் பெயர்களைச் சொல்லுவார்கள். பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபியலுக்கு அடிக்கல் நாட்டிய மெண்டல் ஒரு துறவி. மரபியலையும், பொருந்திய மாறுபாடுகள் நிலைத்துப் பெருகும் இயற்கைத் தேர்வையும் இணைத்தவர்களில் ஒருவரான டாப்ழான்ஸ்கி பக்தியுள்ள கிறிஸ்தவர். போப் இரண்டாம் ஜான் பால் 1996இல் பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்று எழுதினார். இவையெல்லாம் உண்மைதான். இரண்டையும் ஒரே மனத்தில் வைத்திருந்தவர்கள் உண்டு என்பதை இந்தப் பட்டியல் காட்டுமே தவிர, எப்படி வைத்திருந்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதைக் காட்டாது. அதனால்தான் நான் குளவிக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னல் சட்டத்தில் ஆனி மாதம் ஒரு குளவி மண்கூடு கட்டியிருக்கிறது, சின்னப் பானை வடிவத்தில். மகள் இப்போது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது ஊரறிந்த நம்பிக்கையாதலால், வெள்ளையடிக்க வந்தவரைக்கூட என் மனைவி அந்த ஜன்னலை நெருங்க விடவில்லை. அதற்குள் என்ன இருக்கும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். இரண்டாம் ஆண்டு செய்முறை வகுப்பில் நம் பேராசிரியர் அப்படி ஒரு கூட்டைச் சவரக் கத்தியால் கீறித் திறந்து காட்டியது நினைவிருக்கிறதா? கூரையிலிருந்து மெல்லிய இழையில் ஒரே ஒரு முட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் ஏழெட்டுப் பச்சைப் புழுக்கள் அடைக்கப்பட்டிருந்தன. ஊசி முனையால் தொட்டதும் ஒரு புழு இலேசாக நெளிந்தது. "செத்தால் அழுகிவிடும், அதனால் கொல்லாமல் முடக்கி மட்டும் வைத்திருக்கிறது" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். நீ அன்று மதியம் சாப்பிடவில்லை.

என் தாத்தா அந்தக் குளவியைப் பற்றி வேறு கதை சொல்லுவார். குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்குவதைப் போல, குரு சீடனைத் தானாக்குகிறார் என்பார். கூட்டுக்குள் புழு போவதையும் கூட்டிலிருந்து குளவி வருவதையும் பார்த்தவர்கள், நடுவில் நடந்ததை அருள் என்று வாசித்தார்கள். நடுவில் நடந்தது சாப்பாடு.

இப்போது 1860 மே 22ஆம் தேதிக்குப் போவோம். டார்வினின் நூல் வெளியாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஏசா கிரேக்கு அவர் அன்று ஒரு கடிதம் எழுதினார். கிரே உறுதியான கிறிஸ்தவர். நூல் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே டார்வின் தம் கருத்தை நம்பிச் சொன்ன மிகச் சிலருள் ஒருவர். அந்தக் கடிதத்தில் டார்வின், நாத்திகமாக எழுதும் எண்ணம் தமக்கு இருந்ததில்லை என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் காண்பதைப் போல எங்கும் கருணையுள்ள வடிவமைப்பைத் தம்மால் காண முடியவில்லை என்கிறார். உயிருள்ள கம்பளிப்புழுவின் உடலுக்குள்ளிருந்தே அதைத் தின்று வளரும் குளவியினத்தை, அன்பும் வல்லமையும் உள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மைத் தாமே நம்ப வைக்க முடியவில்லை என்று எழுதுகிறார். அதே மூச்சில், இந்த வியப்பான உலகம் முழுவதும் வெறும் முரட்டு விசையின் விளைவு என்று முடிவு கட்டவும் மனம் ஒப்பவில்லை என்கிறார். மனித அறிவுக்கு இது எட்டாத ஆழம், நியூட்டனின் மனத்தைப் பற்றி ஒரு நாய் ஊகிப்பதைப் போன்றது என்பது அவர் சொன்ன உவமை. அவர் சொன்னது நம் ஜன்னல் குளவி அல்ல, வேறு குடும்பம். ஆனால் கணக்கு ஒன்றுதான்.

கிரே கடைசிவரை இரண்டையும் விடவில்லை. இயற்கைத் தேர்வு இறைநம்பிக்கைக்கு விரோதமில்லை என்று அவர் எழுதிய கட்டுரைகளை டார்வினே முயன்று 1861இல் இங்கிலாந்தில் சிறு நூலாக வெளிவரச் செய்தார். ஆனால் கிரே ஓர் அடி கூடுதலாக வைத்தார்: உயிர்களில் தோன்றும் மாறுபாடுகளைக் கடவுள் நன்மையான திசையில் நடத்திச் செல்கிறார் என்று கொள்ளலாமே என்றார். அதை மட்டும் டார்வின் ஏற்கவில்லை. 1868இல் ஒரு நூலின் முடிவில் அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. செங்குத்தான பாறையிலிருந்து கற்கள் உடைந்து விழுந்து கிடக்கின்றன. ஒரு கொத்தனார் அவற்றில் ஆப்பு வடிவக் கல்லை வளைவுக்கும், நீண்ட கல்லை வாசலுக்கு மேலும், தட்டையான கல்லைக் கூரைக்கும் தேர்ந்து எடுத்து ஒரு வீடு கட்டுகிறார். ஒவ்வொரு கல்லும் அந்த வடிவில் உடைந்ததற்கு இயற்கை விதிகள் காரணம். ஆனால் கொத்தனாரின் வீட்டுக்காகவே அது அப்படி உடைந்தது என்று எந்த அர்த்தத்தில் சொல்வீர்கள் என்று கேட்கிறார். இந்த இடத்தில் கிரே தோற்றார் என்பதே என் தீர்ப்பு. மாறுபாடு யாருக்கு நன்மை என்று பார்த்துத் தோன்றுவதில்லை என்பதைப் பின்வந்த மரபியல் உறுதிப்படுத்திவிட்டது. தோற்றும் கிரே விசுவாசத்தை இழக்கவில்லை. 1888இல் இறக்கும்வரை விசுவாசியாகவே இருந்தார். டார்வினும் 1879இல் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஒருவர் தீவிர ஆத்திகராகவும் பரிணாமவாதியாகவும் இருக்க முடியுமா என்று ஐயப்படுவதே அபத்தம் என்று சொல்லி, அதற்கு உதாரணமாகக் கிரேயின் பெயரைத்தான் எழுதினார்.

ஆகவே என் பதில்: முடியும், ஆனால் சும்மா முடியாது. 'ரோஜாவைப் பாருங்கள், மயிலைப் பாருங்கள், படைத்தவரின் அன்பு தெரிகிறதே' என்று இயற்கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் பிரசங்கத்தை நீ விட்டுவிட வேண்டியிருக்கும். மயிலைச் சாட்சியாக அழைத்தால் எதிர்த்தரப்பு குளவியை அழைக்கும், அழைக்க அவர்களுக்கு உரிமையும் உண்டு. வேதனையைக் கண்டுபிடித்தவர் டார்வின் அல்ல என்று நீ சொல்லலாம், அது சரிதான். பிள்ளைகளைப் புதைத்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். ஆனால் அவருக்கு முன்பு வேதனையை உலகத்தில் பின்னால் புகுந்த கேடு என்று சொல்ல முடிந்தது. அவருக்குப் பின், பசியும் சாவும் உயிர்களைச் செதுக்கிய உளியாகவே தெரிகின்றன. இந்த வித்தியாசத்தை அந்தப் பையனிடம் மறைக்காதே. இன்றில்லாவிட்டாலும் நாளை அவனே கண்டுபிடிப்பான், அப்போது உன்னையும் சேர்த்து விட்டுவிடுவான்.

டார்வினின் விசுவாசத்தைப் பரிணாமம் தின்றுவிட்டது என்பதும் பாதிக் கதைதான். நூல் வெளிவருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1851 ஏப்ரலில், மால்வர்ன் என்ற ஊரில் சிகிச்சைக்குக் கொண்டுபோன இடத்தில், அவருடைய பத்து வயது மகள் ஆனி இறந்துபோனாள். தம் தந்தையும் தமையனும் போன்றவர்கள் நம்பாத காரணத்தால் நித்திய தண்டனை அடைவார்கள் என்ற போதனையை அவரால் சகிக்க முடியவில்லை என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். இவற்றில் எதற்கும் கம்பளிப்புழு பொறுப்பில்லை. அவருடைய மனைவி எம்மாவோ விசுவாசத்தில் நிலைத்திருந்தார். மணமான புதிதில், கணவரின் ஐயங்கள் தம்மை வருத்துவதை அவர் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தார். டார்வின் அதைப் பத்திரமாக வைத்திருந்து, 'நான் இறந்த பிறகு, இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று தெரிந்துகொள்' என்ற பொருளில் அதன் அடியில் எழுதினார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் அந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1882இல் அவரை வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள் என்பதைவிட இந்தச் செய்தி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இயற்கையைச் சாட்சியாக அழைக்காமல் எதைப் பிரசங்கிப்பது என்று நீ கேட்பாய். எனக்குச் சொல்லத் தகுதியில்லை; ஆனால் நீயே ஒருமுறை யோபுவின் 39ஆம் அதிகாரத்தைப் பிரசங்கித்தபோது நான் கடைசிப் பெஞ்சில் இருந்து கேட்டிருக்கிறேன். துன்பத்தில் கிடந்து ஏன் என்று கேட்டவனுக்குக் கடவுள் தம் படைப்பைக் காட்டுகிறார். அங்கே தீக்குருவி முட்டையை மண்ணில் போட்டுவிட்டு, யாராவது மிதித்துவிடுவார்களே என்ற நினைவில்லாமல் போகிறது. கழுகின் குஞ்சுகள் இரத்தத்தை உறிஞ்சுகின்றன. ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லை, காரணமும் சொல்லப்படவில்லை. இருந்தும் யோபு போய்விடவில்லை. அந்த அதிகாரம் உள்ள வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீ ஏன் டார்வினுக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

நானும் உன்னைப் போலத்தான். முப்பத்து மூன்று வருடம் பரிணாமத்தை நடத்தினேன். இன்றும் காலையில் திருநீறு பூசாமல் காபி குடிப்பதில்லை. இரண்டையும் பொருத்தும் தத்துவம் ஏதும் என்னிடம் இல்லை. சில நாட்களில் திருநீறு வெறும் பழக்கமாகத் தெரிகிறது, சில நாட்களில் அப்படித் தெரிவதில்லை.

அடுத்த கூடுகையில் அந்தப் பையனைக் கூப்பிட்டு, போன தடவை சொன்னது சரியான பதில் இல்லை என்று முதலில் சொல்லிவிடு. பிறகு மே 22 கடிதத்தைத் தமிழில் சொல்லி அவனுக்குக் கேட்கக் கொடு. நான் மொழிபெயர்த்து அனுப்புகிறேன். கண் மருத்துவர் அடுத்த வாரம் முழுதாக அனுமதி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மகளுக்கு ஐப்பசியில் நாள் குறித்திருக்கிறார்கள். நீ ஜெபித்துக்கொள், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். குளவி கூட்டை விட்டுப் போனதும் அதைப் பத்திரமாக எடுத்து வைக்கிறேன். நீ மதுரையிலிருந்து வரும்போது திறந்து பார்க்கலாம், சாப்பிட்ட பிறகு.

அன்புடன்,
சங்கரன்