சாந்தாவுக்கு: கையெழுத்துப் போடும் முன்

பாளையங்கோட்டை

அன்புள்ள சாந்தா,

உன் கடிதம் போன வாரமே வந்து சேர்ந்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்பதையும், உன் வீட்டுக்காரருக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்பதையும் படித்து மகிழ்ந்தேன். இங்கே எல்லோரும் நலம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு சிறிய மருத்துவமனையில் புறநோயாளிகளை மட்டும் பார்த்து வருகிறேன். அறுவை அரங்குக்கு ஓட வேண்டியதில்லை என்பதால் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் நிதானமாகப் பேச முடிகிறது.

உன் நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். வயது 46, சில ஆண்டுகளாகப் பெரும்பாடு, அதாவது மாதவிலக்கில் அளவுக்கு மீறிய உதிரப்போக்கு, ஸ்கேனில் நான்கு சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு என்னும் கர்ப்பப்பைத் தசைக் கட்டி; கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், கூடவே ஓவரிகளையும் (சினைப்பைகளையும்) எடுத்துவிட்டால் பிற்காலத்தில் புற்றுநோய் பயம் இராது என்று மருத்துவர் சொன்னதும் அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள் என்கிறாய். எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரே வரியில் என்னிடம் பதில் கேட்கிறாய். அவளைப் பார்க்காமல் நான் அந்தப் பதிலைச் சொல்லக் கூடாது. ஆனால் எதற்குத் தலையாட்டினோம் என்பது அவளுக்கே தெரிந்திருக்கிறதா என்று எனக்குப் பலத்த சந்தேகம் இருக்கிறது. அதைப் பற்றி எழுதலாம்.

அண்மையில் தென்காசிப் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் பெண் ஒருவர் வந்திருந்தார். வேறோர் இடத்தில் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. மகள் வற்புறுத்தியதால் இன்னொரு கருத்துக் கேட்க வந்திருந்தார். "அவங்க என்ன சொன்னாங்க, உங்க வார்த்தையிலேயே சொல்லுங்கம்மா" என்று கேட்டேன். "கட்டி இருக்காம், விட்டா கேன்சராயிருமாம், எடுத்துட்டா ஒரு தொந்தரவும் இல்லையாம், பத்து நாள்ல பழையபடி வேலை பாக்கலாமாம்" என்றார். பிளாஸ்டிக் உறையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த ஒப்புதல் படிவ நகலில் கணவரின் கையெழுத்து முதலிலும் அவருடையது அதற்குக் கீழேயும் இருந்தன. அறுவையின் பெயர் ஆங்கிலச் சுருக்க எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது. அந்தச் சில எழுத்துகளுக்குள் இரண்டு ஓவரிகளையும் எடுப்பதும் அடங்கியிருந்தது என்பது அவருக்கும் தெரியவில்லை, கணவருக்கும் தெரியவில்லை.

அவர் சொன்ன நான்கில் ஒன்றுகூட முழுமையானதில்லை. ஃபைப்ராய்டு புற்றுநோயாக மாறுவது மிக அரிது. ஃபைப்ராய்டு என்று எண்ணி அறுவை செய்தபின் புற்றுக்கட்டி என்று தெரியவருவதும் உண்டுதான். அத்தகைய அறுவைக்கு வருபவர்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு அப்படி இருக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014இல் மதிப்பிட்டது. அதைவிடக் குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் பின்னர் வந்தன. எண் எதுவானாலும், "விட்டால் கேன்சர்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதற்கு அதில் இடமில்லை. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலான ஃபைப்ராய்டுகள் தாமாகவே சுருங்கும். உன் நாத்தனாரின் 46 வயதில் அதற்கு வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருக்காது. வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தவர்கள் சுமை தூக்காமல் ஆறு வாரமாவது இருக்க வேண்டும். குடத்தில் தண்ணீர் சுமக்கும் வீட்டில் அதன் பொருள் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அபாயத்தைச் சொல்லும் முறையிலும் கோளாறு இருக்கிறது. "சின்ன ரிஸ்க் எல்லா ஆபரேஷனிலும் உண்டு" என்று சொல்வது எதையும் சொல்லாததற்குச் சமம். பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் மருத்துவ ராயல் கல்லூரி தன் ஒப்புதல் வழிகாட்டியில், புற்றுநோயல்லாத காரணத்துக்காக வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுக்கும் 100 பெண்களில் ஏறத்தாழ 4 பேருக்குக் கடுமையான சிக்கல் ஏதேனும் ஒன்று வரலாம் என்றும், 1000 பேரில் 23 பேருக்கு இரத்தம் ஏற்றும் அளவுக்கு உதிரப்போக்கும், 7 பேருக்குச் சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்க்குழாயிலோ காயமும் ஏற்படலாம் என்றும் எண்ணிக்கையாகவே சொல்லியிருக்கிறது. அவை அந்த நாட்டின் கணக்குகள். நம் ஊரில் அறுவை செய்பவரின் கைப்பழக்கம், நோயாளியின் இரத்தசோகை, முன்பு சிசேரியன் நடந்ததா என்பதையெல்லாம் பொறுத்து மாறும். ஆனாலும் அந்தப் பீடி சுற்றும் அம்மாவிடம் இதே எண்களைச் சொன்னபோது, "அப்போ நூத்துல தொண்ணூத்தாறு பேரு நல்லாத்தான இருக்காக" என்று உடனே திருப்பிச் சொன்னார். நாளெல்லாம் ஆயிரம் பீடிக்குக் கூலி கணக்குப் பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு புரியாது என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம்.

அவரைத் திகைக்க வைத்தது ஓவரி விஷயம்தான். மாதவிலக்கு நிற்பதற்கு முன்பே இரண்டு ஓவரிகளையும் எடுத்தால் அடுத்த நாளே உடல் மாதவிலக்கு நின்ற நிலைக்குப் போய்விடுகிறது. உடல் திடீரென்று கொதிப்பது, தூக்கம் கெடுவது, பின்னாளில் எலும்பு தேய்வது, இதயநோய் வாய்ப்புக் கூடுவது எல்லாம் அதன் பின்னே வருகின்றன. தாய், சகோதரி வழியில் மார்பக அல்லது ஓவரிப் புற்றுநோய் இருந்தாலோ, மரபணுக் கோளாறு உறுதியாகியிருந்தாலோ எடுப்பதற்கு நியாயம் உண்டு. மற்றவர்களுக்கு, கர்ப்பப்பையோடு கருக்குழாய்களை மட்டும் எடுத்து ஓவரிகளை விட்டுவைத்தாலே ஓவரிப் புற்றுநோய் வாய்ப்பு ஓரளவு குறையும் என்று இப்போது பல நாடுகளில் அதைத்தான் செய்கிறார்கள். அறுவையின் பலன் மறுமாதமே உதிரப்போக்கு நின்றதில் தெரிந்துவிடும். அதன் இழப்போ பத்து ஆண்டுகள் கழித்து இடுப்பெலும்பு முறியும்போதுதான் தெரியும், அப்போது அதை யாரும் இந்த அறுவையோடு சேர்த்து நினைப்பதில்லை.

மாற்று வழிகளைப் பற்றியும் உன் நாத்தனாரிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில், கட்டியை மட்டும் எடுப்பது என்று பல உண்டு. பின்லாந்தில் 236 பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஹார்மோன் காயில் வைத்தார்கள், மற்றொரு குழுவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஐந்து ஆண்டுகள் முடிந்தபோது காயில் குழுவில் 42 சதவீதம் பேர் எப்படியும் அறுவைக்குப் போயிருந்தார்கள். ஆனால் வாழ்க்கைத் தரத்தில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. "பாதிக்குப் பாதி பேர் கடைசியில் ஆபரேஷனுக்குத்தான் வருகிறார்கள்" என்று இதைச் சொல்லலாம், "பாதிக்கு மேற்பட்டோர் ஆபரேஷனே இல்லாமல் தப்பித்தார்கள்" என்றும் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவரே நேர்மையான மருத்துவர் என்பது என் கருத்து. இன்னொன்று: காயில் வைத்த முதல் சில மாதங்கள் விட்டுவிட்டு உதிரம் கசியும். இதை முன்கூட்டியே சொல்லாததால், "ஒத்துக்கொள்ளவில்லை" என்று அதற்குள் எடுத்துவிடச் சொல்லி வருகிறவர்கள் ஏராளம்.

அச்சடித்த தாள் கொடுத்தால் போதுமே என்று நீ கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் சுற்றறிக்கை அனுப்பியே பழகியவள் நீ. இங்கிலாந்தின் தென்மேற்கில் ஆறு மருத்துவமனைகளில், பெரும்பாட்டுக்காக வந்த 894 பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. சிலருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சிலருக்குத் தகவல் புத்தகமும் வீடியோப் படமும். சிலருக்கு அவற்றோடு, "உங்களுக்கு எது முக்கியம்" என்று உட்கார்ந்து கேட்கும் ஓர் உரையாடலும். முதல் இரண்டு குழுவிலும் 48 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டார்கள். உரையாடலும் நடந்த குழுவில் 38 சதவீதம். புத்தகம் மட்டும் அந்த எண்ணைக் குறைக்கவில்லை.

உரையாடும்போது மருத்துவக் கணக்குக்கு வெளியே இருக்கும் கணக்குகளும் வெளிவருகின்றன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் வெளிவந்து, மாநில அரசு குழு அமைத்து விசாரித்தது நினைவிருக்கும். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரர் அபராதம் பிடிக்கிறார். மாதவிலக்கு அவர்களுக்கு நேரடியான கூலி இழப்பு. அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். கழிப்பறையும் விடுப்பும் கிடைக்காத இடத்தில் எலும்புத் தேய்மானத்தைப் பற்றி நாம் எவ்வளவு தெளிவாக விளக்கினாலும் அந்தக் கணக்கு மாறாது.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தந்த தீர்ப்பைப் படித்திருக்கிறாயா? உதிரப்போக்குக்காகப் பரிசோதனை லேப்ராஸ்கோப்பிக்கு (சிறு துளை வழியே கருவி விட்டு வயிற்றுக்குள் பார்ப்பதற்கு) மட்டும் ஒப்புக்கொண்ட 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே நின்ற தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் ஓவரிகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில், சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது என்றும், சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, கணிசமான அபாயம், மறுத்தால் விளைவு என்ன என்பதையெல்லாம் சொல்லி வாங்குவதுதான் ஒப்புதல் என்றும் நீதிமன்றம் கூறியது. 2023இல் தேவையற்ற கர்ப்பப்பை நீக்கம் பற்றிய பொதுநல வழக்கிலும், மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் மனைவியின் படிவத்தில் கணவர் முதலில் கையெழுத்துப் போடும் வழக்கம் அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் அறுவைக்கு எதிரி என்று அவளிடம் சொல்லிவிடாதே. ஹீமோகுளோபின் ஆறுக்கு இறங்கி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, மருந்தெல்லாம் பார்த்துப் பயனில்லாமல் போன பெண்கள், கர்ப்பப்பையை எடுத்தபின் "இதை ஏன் முன்பே செய்யவில்லை" என்று கேட்டதும் உண்டு. உன் நாத்தனாரும் அந்த நிலையில் இருக்கலாம். அப்படியானால் தெரிந்தே எடுக்கட்டும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நீயும் உடன் போ. தம்பி மனைவிக்கோ அண்ணனுக்கோ பதில் சொல்ல இடம் கொடுக்காமல் அவளையே கேட்க விடு. கர்ப்பப்பையின் உட்சவ்வை எடுத்துப் பரிசோதித்தார்களா என்று முதலில் கேட்கச் சொல். 45 வயதுக்கு மேல் இப்படி உதிரம் போனால் அது அவசியம், புற்றுநோய் பயத்துக்கு நேரான பதிலும் அதில்தான் இருக்கிறது. ஓவரிகளை எடுக்க வேண்டிய காரணம் என்ன, ஆறு மாதம் காயிலோ மாத்திரையோ முயன்றால் என்ன கெடும், ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பவற்றையும் கேட்கட்டும். அவற்றைக் கேட்டால் கோபப்படுகிற மருத்துவராக இருந்தால் வேறொருவரைப் பார்ப்பது நல்லது. வீட்டுக்கு வந்ததும், அவர் சொன்னதை அவள் வாயாலேயே உன்னிடம் சொல்லச் சொல். எங்கே தடுமாறுகிறாளோ அந்த இடத்தை மறுபடி கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

ஸ்கேன் அறிக்கையில் கட்டி கர்ப்பப்பையின் உட்குழிக்குள் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா, வெளிப்புறம் இருக்கிறதா என்று எழுதியிருக்கும். அதைப் பொறுத்துத்தான் காயில் ஒத்துவருமா என்று சொல்ல முடியும். அந்த அறிக்கையின் நகலையும், கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின் அளவையும் உடனே அனுப்பு. அறுவைக்கு நாள் குறித்திருந்தால் தேதியையும் எழுது.

அன்புடன்,
கோமதி