ட்வின் பீக்ஸ் ரசிகர்களுக்கு, லாரா பால்மருக்காக ஒரு திறந்த மடல்

வணக்கம் மக்களே,

ட்வின் பீக்ஸ் டிவி சீரியல இன்னும் பாக்காதவங்க இதோட நிறுத்திக்கங்க, லாராவ கொன்னது யாருன்னு சொல்லாம இத எழுத முடியாது.

போன வாரம் நாங்க நாலஞ்சு பேர் பேசிட்டு இருந்தப்ப ஒருத்தர், லாராவோட அப்பா லீலண்ட் பாவம்பா, பேய் புடிச்சவன் என்ன பண்ணுவான், எல்லாம் அவன புடிச்ச அந்த பாப்ங்கற ஆவி பண்ண வேலைன்னு சொன்னாரு, மத்தவங்களும் ஆமாமான்னு தலையாட்டுனாங்க. நானும் அப்ப வாய தொறக்கல. அது உறுத்திட்டே இருக்கு, அதான் உங்க எல்லாருக்கும் சேத்து எழுதறேன்.

1990 ஏப்ரல் 8, ஏபிசி சேனல்ல முதல் எபிசோட். மீன் புடிக்க கெளம்பின ஊர்க்காரர் பீட் கரையில பிளாஸ்டிக்ல சுத்தின ஒரு பொணத்த பாக்கறாரு, அது லாரா. அதுக்கப்பறம் அந்த எபிசோட் கிட்டத்தட்ட முழுசும் அழுகை தான். கிளாஸ்ல காலியா இருக்கற லாராவோட நாற்காலிய அவ தோழி டோனா பாத்த உடனே புரிஞ்சிக்கிற இடம், ஃபோன்லயே லாராவோட அம்மா சாரா கதர்ற கதறல், இதெல்லாம் ஒரு துப்பறியற கதைக்கு தேவையே இல்ல, ஆனா சீரியல உருவாக்குன டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் வெச்சாங்க. ஏன்னா செத்தது ஒரு பதினேழு வயசு பொண்ணு. வயசானவங்களுக்கு சாப்பாடு கொண்டு போய் குடுத்தா, ஜானிக்கு பாடம் சொல்லிக் குடுத்தா, ஜோசிக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தா, ஊருக்கே அவள தெரியும், அவ வீட்ல என்ன நடக்குதுன்னு மட்டும் யாரும் கேக்கல. அடக்கம் பண்ற அன்னிக்கு அவ காதலன் பாபி பொறுக்க முடியாம கத்துவானே, அவ கஷ்டத்துல இருந்தது எல்லாருக்கும் தெரியும், நாம எல்லாரும் தான் அவள கொன்னோம்னு, எனக்கு தெரிஞ்சு மொத்த சீரியலுக்கும் பதில் அங்கயே இருக்கு.

ஆனா எல்லாருக்கும் வேற பதில் தான் வேணும். சேனலும் நெருக்குச்சு, நவம்பர் 10 எபிசோட்ல கொலகாரன் யாருன்னு காட்டிட்டாங்க. லாரா மாதிரியே இருக்கற அவ சொந்தக்கார பொண்ணு மேடிய, லாரா வீட்டு ஹால்லயே லீலண்ட் கொல்றாரு. அந்த சீன்ல முகம் மாறி மாறி வரும், ஒரு நொடி பாப், ஒரு நொடி லீலண்ட். நாம பாப் முகத்த மட்டும் ஞாபகம் வெச்சிட்டு லீலண்ட விட்டுட்டோம். சீரியலே நமக்கு அந்த வசதிய பண்ணி குடுத்துச்சுன்னும் சொல்லணும், லீலண்ட் சாகறப்ப கேஸ விசாரிக்கற எஃப்பிஐ ஏஜென்ட் கூப்பர் அவர் தலைய மடில வெச்சிட்டு வெளிச்சத்துக்கு வழி சொல்றாரு, நமக்கும் கண்ணு கலங்குது. ஆனா அதே எபிசோட்ல, காட்டுக்குள்ள நின்னு பேசறப்ப கூப்பரோட வேலை பாக்கற ஆல்பர்ட் ஒண்ணு சொல்வாரு கவனிச்சீங்களா, மனுஷங்க பண்ற கொடுமைக்கு நாம வெச்ச பேரு தான் பாப்போ என்னவோங்கற மாதிரி. அத ஏன் யாரும் பேசறதே இல்ல?

அப்பறம் 1992ல வந்த ஃபயர் வாக் வித் மீ படம். அது வந்தப்ப நெறைய பேர் திட்டினாங்க, கூப்பர் கொஞ்ச நேரம் தான் வராரு, காமெடி இல்ல, மர்மம் இல்லன்னு. லாரா உயிரோட இருந்த கடைசி ஏழு நாள் தாங்க அதுல இருக்கு, அதுல என்ன காமெடி வேணும்? லாராவா நடிச்ச ஷெரில் லீய முதல்ல எடுத்ததே பொணமா படுக்கறதுக்கும் ஃபோட்டோக்கும் தான், அந்த படத்துல தான் லாராவா முழுசா வாழ்ந்தாங்க. சொந்த வீட்லயே இந்த கொடுமைய அனுபவிச்சவங்க பல பேர் படம் பாத்துட்டு தன்கிட்ட வந்து நன்றி சொன்னதா அவங்களே சொல்லியிருக்காங்க. நாம இங்க லீலண்ட் நல்லவரா கெட்டவரான்னு வாதம் பண்ணிட்டு இருக்கறப்ப, அத கேக்கறவங்க யாரு என்ன அனுபவிச்சவங்கன்னு நமக்கு தெரியாதுல்ல.

பாப்னு ஒரு ஆவியே இல்லன்னு நான் சொல்ல வரல. சிவப்பு ரூம், மோதிரம்னு இதுல வர்ற மாயமெல்லாம் எனக்கும் உசுரு. அந்த படத்துல ராத்திரி ஜன்னல் வழியா வர்ற பாப் முகம் மாறி அப்பா முகமா தெரியற அந்த நொடில லாரா போடற அலறல கேட்டுட்டு, அதுக்கப்பறமும் ஆவி மேல மட்டும் பழிய போட்டுட்டு போகாதீங்கன்னு தான் சொல்றேன். பிளாஸ்டிக் சுத்தின அந்த முகத்த டி-ஷர்ட்லயும் மீம்லயும் போடறதையும் தயவு செஞ்சு விட்டுருங்க, அவளுக்கு வேற எத்தனையோ முகம் இருக்கு.

இனிமே யாருக்காவது இந்த சீரியல பாக்க சொன்னீங்கன்னா ரெண்டாவது சீசனோட நிறுத்தாம அந்த படத்தையும் பாக்க சொல்லுங்க. அதுல ஒரு சாப்பாட்டு மேஜை சீன் வரும், கை அழுக்கா இருக்குன்னு லீலண்ட் லாரா கைய புடிச்சு மெரட்டுவாரு, சாரா விட்டுருங்கன்னு கெஞ்சுவாங்க. லாரா முகத்த மட்டும் பாக்க சொல்லுங்க.

அன்போட,
லாராவ மறக்க முடியாத ஒரு ரசிகை