சனிக்கிழமை போன்

அன்புள்ள கண்ணு,

போன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பளம், வேலை முடிய நேரமாகியிருக்கும், அசதியாக இருந்திருக்கும். வேறு ஒன்றும் இல்லையே? சம்பளம் வாங்கினதும் அக்கா கணக்கில் போட்டுவிடு, கையில் வைக்காதே. ராத்திரி ஜெபமாலையை விடாதே.

வியாழக்கிழமை ஏற்காட்டுக்குப் போனேன். நீ தங்கிக் குடியை விட்ட இல்லத்தில் சமையலுக்கு ஆள் வரவில்லை என்று சிஸ்டர் கூப்பிட்டார்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது. மேலே காப்பிப் பழம் பறிக்கிறார்கள். நீ தைத்த ஓவர்லாக் மிஷினில் இப்போது ஆத்தூர்ப் பையன் ஒருவன் உட்காருகிறான், இன்னும் கை நடுக்கம் முழுசாக நிற்கவில்லை, நூல் கோக்க நாலு தடவை எச்சில் தொட்டான். "இதில் பழகினவன் இன்றைக்கு பனியன் கம்பெனியில் டெய்லர்" என்று ஃபாதர் அவனிடம் உன்னைத்தான் சொன்னார். அப்போது நீ பக்கத்தில் இல்லையே என்றிருந்தது. இவ்வளவு பேர் வாங்கினவனுக்கு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேச முடியவில்லையா?

உன் ரூம் பையன்கள் யாராவது மறுபடி ஆரம்பித்திருந்தால், தானாக ஒரேயடியாக நிறுத்திப் பார்க்க வேண்டாம் என்று சொல். இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பே வரலாம், முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும். அந்த மூன்றாம் ராத்திரியை நான் மறக்கவா போகிறேன்? ரூம் பையன்களுக்குத்தான் சொல்கிறேன்.

அந்த ஆத்தூர்ப் பையனின் அம்மா இல்லத்துக்கு வந்திருந்தார்கள். தயிர்சாத டப்பாவுக்கு அடியில் 500 ரூபாய் நோட்டை மடித்து வைத்ததை நான் பார்த்துவிட்டேன். கண்டிக்க வாய் வரவில்லை கண்ணு. நான் செய்யாததா? உனக்குக் காய்ச்சல் என்று உன் முதலாளியிடம் எத்தனை தடவை பொய் சொன்னேன். மோதிரத்தை நானே அடகு வைத்தேன் என்று அக்காவிடம் சாதித்தேன். நீ நடுங்குவதைப் பார்க்க முடியாமல் ஒரு விடியற்காலையில் நானே காசு கொடுத்து அனுப்பினேனே, அதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதுவரை சொன்னதில்லை. அப்பாவுக்கு நடந்ததைப் பார்த்தும் கொடுத்தேன். அம்மாவை மன்னித்துவிடு.

பொங்கலுக்கு வா. எப்படி இருந்தாலும் வா. ராத்திரி எத்தனை மணியானாலும் பின்கதவைத் தட்டு, நான் ஒன்றும் கேட்க மாட்டேன். காசு மட்டும் கையில் வைக்காதே.

மிளகு கால் கிலோ வாங்கி வந்திருக்கிறேன். யாரிடம் கொடுத்தனுப்புவது என்று சொல்லவாவது போன் பண்ணு.

அம்மா