மவுண்டன் வியூவுக்கு ஒரு நடை போய்வா

தங்கச்சிமடம்

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. கடையில் துடைத்து வைக்கிற டிவி சர்க்யூட் போர்டு மறுநாளே உப்புப் பூத்துப்போகிறது.

சான் ஹோசேயில் இருந்துகொண்டு பக்கத்து ஊர் மவுண்டன் வியூவில் இருக்கிற கம்ப்யூட்டர் மியூசியத்தை இன்னும் பார்க்கவில்லை என்கிறாயே! டிவி மெக்கானிக் மகளுக்கு இது அழகா?

பாங் என்ற வீடியோ விளையாட்டின் முதல் பெட்டி அங்கேதான் இருக்கிறது. 1972இல் அட்டாரி கம்பெனிக்காக ஆலன் அல்கார்ன் செய்தது. உள்ளே இருப்பது கடையில் வாங்கின சாதாரணக் கருப்பு வெள்ளை டிவி. சன்னிவேலில் ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் ‘மெஷின் ஓடவில்லை’ என்று கம்ப்ளெயின்ட். அல்கார்ன் போய்த் திறந்தால், காசு நிரம்பி அடைத்துக்கொண்டு நிற்கிறது! நான் திறக்கிற பெட்டியில் பல்லி முட்டைதான் இருக்கும்.

அதைவிட முக்கியம் ஐபிஎம் 1401, பிடிபி-1 என்ற பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டும். 1959இல் வெளிவந்த மாடல்கள். ஓய்வுபெற்ற என்ஜினியர்கள் உட்கார்ந்து பழுது பார்த்து ஓட வைத்திருக்கிறார்கள். பிடிபி-1இல் 1962இல் எழுதின ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டு, வட்டத் திரையில் இன்றைக்கும் ஓடுகிறது. அந்தக் காலத்து மெமரி என்றால் கடுகளவு காந்த வளையங்களுக்குள் கம்பி கோத்தது. கையால் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அம்மாவிடம் சொன்னேன். “வலை முடிகிற கைக்கு அது என்ன பெரிய வேலை” என்றுவிட்டாள்.

ஓடாத மெஷினைக் கண்ணாடிக்குள் வைத்து என்ன பார்க்க? வெறும் தகரப் பெட்டிதானே. மைக்ரோசாஃப்டைத் தொடங்கின இருவரில் ஒருவரான பால் ஆலன் சியாட்டிலில் ஒரு மியூசியம் வைத்திருந்தார். பழைய கம்ப்யூட்டர்களில் வந்தவர்களே உட்கார்ந்து தட்டிப் பார்க்கலாம். அவர் 2018இல் இறந்தார். 2020இல் கொரோனாவுக்கு மூடினது பிறகு திறக்கவே இல்லை. 2024இல் நிறையப் பொருள்கள் ஏலத்துக்குப் போயின. அதனால்தான் உன்னை அவசரப்படுத்துகிறேன்.

சரி, ஓட்டிக் காட்டுகிற நாள் எது என்று விசாரித்துக்கொண்டு போ. மற்ற நாளில் போய்ப் பிரயோசனமில்லை. அங்கே இருக்கிற பெரியவர்களிடம், பழைய கெப்பாசிட்டர்களை மாற்றினார்களா, அப்படியே கரண்ட் கொடுத்துப் பார்த்தார்களா என்று கேள். வீடியோ எடுத்தால் திரையை மட்டும் எடுக்காதே. பின்கதவு திறந்திருந்தால் வயரிங்கையும் நிதானமாக எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா