பெங்களூரில் இருக்கும் மகனுக்கு, உன் நெஞ்சைப் பற்றி

திருநெல்வேலி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, அலுவலகத்தில் லிஃப்ட் ஓடாததால் நான்கு மாடி ஏறியதாகவும், மூன்றாவது மாடியில் நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கியதால், கைபேசியைப் பார்ப்பவன்போல் சற்று நின்றுவிட்டு ஏறியதாகவும் சொன்னாய். சொன்ன வேகத்தில் பேச்சையும் மாற்றிவிட்டாய். மூச்சு வாங்கியதைவிட, அதை மறைக்க நீ அவ்வளவு தேர்ந்திருப்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் பழக்கத்தை உனக்கு ஏற்படுத்தியவள் நான்தான்.

கைக்குழந்தையாக உன்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது, மார்பின் நடுவே எண்ணெய் சிறிது தேங்கி நிற்கும். பதின்மூன்று, பதினான்கு வயதில் நீ மளமளவென்று உயர்ந்தபோது அந்தப் பள்ளமும் ஆழமாயிற்று. திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சன்னிதிக்குச் செல்ல வேண்டும் என்பதால், நீ உள்ளே வர மறுத்துக் கடற்கரைப் பக்கம் உட்கார்ந்துகொண்டாய். "பரவாயில்லை, இங்கேயே இரு" என்று நானும் சொல்லிவிட்டுப் போனேன். அதன் பிறகு உனக்கு எப்போதும் ஓர் அளவு பெரிய சட்டையாகவே வாங்கினேன். உன் மனம் நோகக் கூடாது என்று செய்தேன். ஆனால், வெளியே சொல்லக் கூடாத ஒன்று உன் உடம்பில் இருப்பதாக நீ எண்ண அதுவே காரணமாகிவிட்டது.

அப்போது காட்டிய மருத்துவர், இது தோற்றக் குறை மட்டுமே என்றார். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். அதற்கு முன், உன் ஒன்பது வயதில் காய்ச்சலுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் இதயத்தின் வலது ஓரம் மங்கலாகத் தெரிந்ததை வைத்து, நிமோனியா என்று சொல்லி ஒரு வாரம் ஊசி போட்டார்கள். மார்பெலும்பு உள்வாங்கியவர்களுக்கு நோய் இல்லாமலேயே அந்த ஓரம் அப்படி மங்கித் தெரிவது உண்டு என்பதை இப்போதுதான் அறிந்தேன். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும், எதற்காகப் போனாலும், இதை முதலில் சொல்லிவிடு.

இந்த வாரம் உன் பழைய படங்களோடு இங்குள்ள இதய மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். பெக்டஸ் எக்ஸ்கவேட்டம் என்பது இதன் பெயர். விலா எலும்புகளை மார்பெலும்போடு சேர்க்கும் குருத்தெலும்புகள் கோணலாக வளர, மார்பெலும்பு உள்ளே அமிழ்ந்திருக்கிறது. அதற்கு நேர் பின்னால் இருப்பது இதயத்தின் வலது கீழறை. பள்ளம் ஆழமாக இருந்தால் இதயம் இடப்பக்கம் தள்ளப்படுவதோடு, அந்த அறை விரிந்து நிரம்பவும் இடம் குறைகிறது. படுத்திருக்கும்போது அந்தக் குறை தெரியாமல் இருக்கலாம். மாடி ஏறும்போது, ஒரு துடிப்பில் கூடுதல் இரத்தத்தை அனுப்ப முடியாத இதயம், துடிப்புகளைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கும். உன் படபடப்பு இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. இதே பள்ளத்தோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்பவர்கள் பலர். ஆனால் ஊகத்தில் இருக்க வேண்டாம், அளந்து பார்த்துவிடுவோம்.

சி.டி. ஸ்கேனில் மார்புக்கூட்டின் உள் அகலத்தை, மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையேயுள்ள தூரத்தால் வகுத்து ஹாலர் குறியீடு என்று ஓர் எண் சொல்வார்கள். இயல்பான மார்பில் அது 2.5 அளவில் இருக்கும், 3.25-ஐத் தாண்டினால் கடுமையானது என்று கருதுகிறார்கள். படுக்கவைத்து எடுக்கும் எக்கோவோடு, அதாவது இதயத்தின் ஒலி அலை ஸ்கேனோடு, நிறுத்திக்கொள்ளாதே. சைக்கிள் மிதிக்கவைத்து மூச்சையும் துடிப்பையும் சேர்த்து அளக்கும் சோதனையையும் கேள். உன் உயரம், நீண்ட விரல்கள், சிறு வயதிலேயே போட்ட கண்ணாடி ஆகியவற்றைச் சொல்லி, எக்கோவில் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையேயுள்ள மைட்ரல் வால்வையும், இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாயான மகாதமனியின் அடிப்பகுதியையும் பார்க்கச் சொல். இவையெல்லாம் சேர்ந்து வரக்கூடிய மார்ஃபான் என்ற பரம்பரைக் கோளாறு இல்லை என்று உறுதியாகிவிட்டால் எனக்குப் பெரிய நிம்மதி.

அறுவை சிகிச்சை என்ற சொல்லுக்கு முன்கூட்டியே அஞ்சாதே. 1987-இல் அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் டொனால்டு நஸ் தொடங்கிவைத்த முறையில், விலாப்புறத்துச் சிறு கீறல்கள் வழியே வளைந்த உலோகப் பட்டை ஒன்றைச் செலுத்தி, மார்பெலும்பை உள்ளிருந்து முன்னே தூக்கி நிறுத்துகிறார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பின் பட்டையை எடுத்துவிடுவார்கள். பெரியவர்களுக்கும் செய்கிறார்கள், வலிதான் அதிகம் என்றார் மருத்துவர். அந்தப் பட்டையில் நிக்கல் கலந்திருக்கும். பள்ளி நாட்களில் பெல்ட் கொக்கி பட்ட இடமெல்லாம் உனக்குத் தடித்து அரிக்குமே, அதை மறக்காமல் சொல். ஒவ்வாமை இருந்தால் டைட்டானியத்தில் செய்வார்கள்.

சோதனைக்கு நாள் வாங்கிவிட்டு எனக்குத் தெரிவி. பழைய எக்ஸ்ரேக்களை எடுத்துக்கொண்டு, முந்திய நாள் இரவு ரயிலில் புறப்பட்டு வருகிறேன். மருத்துவர் முன் நீ சட்டையைக் கழற்றும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்பதையும் யோசித்துச் சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அன்புடன்,
அம்மா