மாதா கோவில் நூற்றாண்டு விழாவுக்கு இரவுப் பேருந்து கேட்டு மனு

அனுப்புநர்:
பங்கு மக்கள்,
மாதா கோவில் தெரு,
பர்கூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: மே 29, 30, 31 மூன்று நாளும் இரவில் சிறப்புப் பேருந்து வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் மாதா கோவிலுக்கு இந்த மே மாதத்தோடு 100 வருஷம் நிறைகிறது. 1930-ல் சேலம் மறைமாவட்டம் உருவாவதற்கு முன்பே எழும்பிய கோவில். அன்றைக்கு நாங்கள் சேலம் ஜில்லா, 1965-ல் தர்மபுரி மாவட்டம் ஆனோம், 2004-ல் கிருஷ்ணகிரி, நடுவே 1997-ல் மறைமாவட்டமும் தர்மபுரி என்று ஆனது. மனு கொடுக்க எங்கள் பாட்டன்மார் சேலம் வரைக்கும் போக வேண்டியிருந்தது, நாங்கள் ஒரே பஸ்ஸில் உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுகிறோம். அந்த உரிமையில்தான் கேட்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறோம். ஊர்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ஓசூர் கம்பெனிகளிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். வெள்ளி, சனி சாயங்காலம் ஷிப்ட் முடித்துக் கிளம்பி கிருஷ்ணகிரி வந்து இறங்கும்போது எங்கள் ஊர் டவுன் பஸ் போயே போயிருக்கும், அப்புறம் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆட்டோக்காரர் கேட்கிற காசைக் கொடுத்தால்தான் வீடு. மற்ற வருஷங்களில் எப்படியோ சமாளித்தோம். இது நூற்றாண்டு, வெளியூர்க்காரர்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு வருகிறார்கள்.

வருவதைவிடத் திரும்பிப் போவதுதான் எங்களுக்குப் பெரிய பயம். 31-ஆம் தேதி தேர்பவனி முடிய நள்ளிரவு தாண்டிவிடும். தேருக்கு உப்பும் மிளகும் போட வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை, சுற்றியுள்ள ஊர்களிலிருந்து எல்லா மதத்து ஜனங்களும் வருகிறார்கள், அதில் பெண்களும் வயதானவர்களும்தான் அதிகம். பஸ் இல்லாததால் அவர்கள் இருட்டில் ரோட்டோரமாகவே நடந்து போகிறார்கள். அதுவோ மாங்காய் சீசன். மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு லோடு ஏற்றிய லாரிகள் விடிய விடிய ஓடுகிற ரோடு அது. பக்தியோடு வந்த ஒருவருக்கு அந்த ரோட்டில் ஏதாவது ஆகிவிட்டால் எங்களுக்கு அது விழாவே இல்லை.

அதனால் மூன்று நாளும் இரவு 10 மணிக்கு மேல் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் ஊருக்கு இரண்டு நடை, 31-ஆம் தேதி மட்டும் பவனி முடிந்த பிறகு எங்கள் ஊரிலிருந்து பர்கூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் திரும்பும் பேருந்துகள், இவ்வளவுதான் கேட்கிறோம். இன்னொன்று, அவற்றை, பெண்கள் டிக்கெட் இல்லாமல் போகிற விடியல் பயணத் திட்டம் செல்லுபடியாகும் நகரப் பேருந்துகளாகவே விடச் சொல்லுங்கள். சிறப்புப் பேருந்து என்று போர்டு மாட்டிப் பெண்களிடம் டிக்கெட் வாங்கினால் கூலி வேலைக்குப் போகிற அக்காமார் மறுபடியும் நடக்கத்தான் செய்வார்கள்.

தேர் போகிற தெருவில் மின்கம்பி தாழ்வாக இருக்கிறது. அதை முன்னாலேயே பார்த்துவிட்டு, பவனி நேரத்தில் மின்சாரத்தை நிறுத்த மின்வாரியத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பேருந்துக்கான உத்தரவு மே 10-க்குள் கிடைத்தால் நேரத்தை விழா அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுவோம். பெங்களூரில் இருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் லீவு சொல்வார்கள்.

இப்படிக்கு,
பங்குப் பேரவையினரும் ஊர்ப் பொதுமக்களும்